புவாய்சே கால்வாய்க் கரைக் குப்பைத் தொட்டியைக் காலந்தவறாமல் எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கால்வாய்க் கரைக் குடியிருப்போர் மற்றும் தள்ளுவண்டியில் குப்பை சேகரிப்போர்,
புவாய்சே, கவெம்பே பிரிவு, கம்பாலா, உகாண்டா.

பெறுநர்:
துப்புரவுப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
கம்பாலா.

பொருள்: கரையிலுள்ள இரும்புத் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுதல், மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருதல் வேண்டி.

பார்வை: இதே பொருளில் முன்பு நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தாங்கள் அறியாததல்ல. கலெர்வே சந்தையை ஒட்டி வரும் ந்சூபா ஓடையும் லுபிகிக் கால்வாயும் சேரும் பள்ளத்தில், சதுப்பை மேடாக்கிக் கட்டிய வீடுகளில் குடியிருக்கிறோம். நகரின் வடக்குக் குன்றுகளில் பெய்யும் மழையெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. முந்தைய மூன்று மனுக்களுக்கும் பதில் வராததால், இம்முறை கணக்கோடு எழுதுகிறோம். தயவுகூர்ந்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

1. அந்த ஒரே தொட்டியை நம்பி ஏறத்தாழ 500 குடித்தனங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்று வைத்தால் 1,250 கிலோ. எங்கள் குப்பையில் பத்தில் ஏழு பங்கு மத்தோகே என்னும் சமையல் வாழைக்காயின் தோலும் சமையல் கழிவும், ஈரமானது, கனமானது. கன மீட்டருக்கு 350 கிலோ என்றாலும் ஒரு நாளைக்கு மூன்றரை கன மீட்டர் சேர்கிறது. தொட்டியின் கொள்ளளவு ஏழு கன மீட்டர். மூன்றாம் நாள் காலையில் வரும் குப்பைக்கு இடமில்லை. வண்டியோ பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது.

2. தொட்டி நிரம்பிய பிறகு நடப்பதைத்தான் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். குப்பை தொட்டியைச் சுற்றித் தரையில் குவிகிறது. மராபு நாரைகளும் ஆடுகளும் சாக்கைக் கிழிக்கின்றன. லாரி வரும்போது நான்கு பக்கக் கொக்கிகளும் குவியலுக்குள் புதைந்திருப்பதால் சங்கிலி மாட்ட முடிவதில்லை. மண்வாரியும் முள்வாரியும் கொண்டு ஒதுக்க லாரியோடு ஆள் வருவதில்லை. ஓட்டுநர் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அந்த நடை பதிவேட்டில் எப்படி எழுதப்படுகிறது என்று விசாரியுங்கள். மூடியில்லாத தொட்டியில் மழை விழுந்து எடை கூடுகிறது. அடைப்பான் காணாமல்போன அடித்துளை வழியாகக் கறுப்புச் சாறு நேரே கால்வாயில் இறங்குகிறது.

பிறகு மழை. கரைக்கும் கால்வாய்க்கும் இடையே தடுப்பே இல்லாததால் குவியல் சரிந்து தண்ணீரில் போகிறது. பாலத்தடிக் குழாயின் வாயில் முதலில் ஒரு குச்சி சிக்கும். அதில் கவேரா என்னும் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்ளும். அதன்மேல் பாட்டில்கள், அதன்மேல் தோல். நீரின் வேகம் குறைந்ததும் மேலிருந்து வரும் செம்மண் அங்கேயே படிந்து தரை மட்டம் உயர்கிறது. அதனால்தான் முன்பு பெருமழைக்கு மட்டும் பொங்கிய கால்வாய் இன்று அரைமணி மழைக்கே பொங்குகிறது. நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் இங்கே ஆழக் குழி வெட்ட முடியாது. கழிப்பறைகளைப் படி வைத்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் அந்தக் குழிகளுக்குள் ஏறி, அதிலுள்ளதையும் சேர்த்துக்கொண்டு அடுப்படிக்கு வருகிறது. குழந்தைகள் படுக்கும் பாய்க்கு வருகிறது, ஐயா. 1997-98 எல் நினோ மழையில் இப்பகுதியில் காலரா வந்ததைத் தங்கள் அலுவலகக் கோப்புகளே சொல்லும். இன்னொரு முறை வந்த பிறகுதான் வண்டி வர வேண்டுமா?

3. தூர்வாருவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வாருகிறார்கள், வாரிய சேற்றைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே இறங்குகிறது. ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி. நீர் வடிய ஒரு பகல் போதும், மறுநாளே அள்ளிச் செல்ல வேண்டும். மழைக்காலம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் செய்ய வேண்டியதை வெள்ளம் வந்த பிறகு செய்து என்ன பயன்?

4. 30 மைக்ரானுக்குக் குறைந்த கவேரா 2019 சுற்றுச்சூழல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறது.

5. 2024 ஆகஸ்ட் 10 அன்று, நகரக் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட கிட்டேசிக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் லாரிகள் தொலைவாகப் போக வேண்டியிருக்கிறது, நடை குறைந்துவிட்டது என்கிறார்கள். அந்தச் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தூரம் கூடினால் சுமையைக் குறைக்க வேண்டுமே தவிர, பள்ளத்து மக்களின் முறையை வெட்டக் கூடாது. சுமையைக் குறைக்க வழி இருக்கிறது: தோலைத் தனிச் சாக்கில் பிரித்துத் தர நாங்கள் தயார். மாடு, பன்றி வளர்ப்போர் அன்றன்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு கவேரா கலந்தாலும் மாட்டின் வயிற்றில் அடைத்துக் கொன்றுவிடும் என்பதால் கலந்த சாக்கை அவர்கள் தொடுவதில்லை. தோல் மட்டும் வெளியேறினாலே லாரியில் ஏறும் எடை பாதிக்கு மேல் குறையும். இதற்கு நாங்கள் கேட்பது கூரை போட்ட ஒரு மேடையும், காலை எட்டு மணிக்குள் சாக்குகளை அங்கே சேர்க்க இரண்டு தள்ளுவண்டிகளும்தான்.

6. மேடை கட்டும்போது உறிஞ்சு குழி வைக்காதீர்கள். நீர்மட்டம் மேலே இருக்கும் மண்ணில் அது வேலை செய்யாது; சாறு ஊறி மேலே வரும். சாறு சேர மூடிய தொட்டி வைத்து, உறிஞ்சு லாரியால் எடுப்பதே சரி. பாலத்தடியில் கம்பி வலை வைப்பதானால் சாய்வாக, கையகல இடைவெளியில், மேலே நின்று வாருவதற்கு ஒரு பலகைத் தளத்தோடு வையுங்கள். நெருக்கமான வலையைச் செங்குத்தாக வைத்தால் அதுவே அணையாகிவிடும். வாருவதற்கு ஆள் போடாமல் வலை மட்டும் வைப்பதைவிட வைக்காமலிருப்பது நல்லது.

ஐயா, நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தரச் சொல்லவில்லை. நிறைந்த தொட்டியைத் தூக்கும் அதே நேரத்தில் காலித் தொட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, பொம்போ சாலை நெரிசலுக்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்கு. முள்வாரியோடு இரண்டு ஆட்களை அனுப்புங்கள். வண்டி வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால், புளுங்கி ப்வான்சி என்னும் ஊர்ப்பொது உழைப்பு முறையில் நாங்களே கூடி, விடிவதற்குள் தொட்டியின் நான்கு பக்கமும் ஒதுக்கி வைக்கிறோம். மூன்று மனுவிலும் இதையேதான் எழுதினோம்! நாள் சொல்லுங்கள், போதும்.

அடுத்த மழைக்கு முன் தொட்டியை மாற்றி, கரையில் கிடக்கும் சேற்றை அள்ள ஆவன செய்யுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் நேரில் வந்தால் இன்னும் நன்று. மழை பெய்த மறுநாள் காலையில் வர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
புவாய்சே கால்வாய்க் கரை மக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், வண்டி வந்த நாட்களின் குறிப்பு.