மீனின் உடலுக்குள் பதுங்கும் பாக்டீரியாக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மீன் நோய்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் நீரின் தூய்மையோடு நின்றுவிடுகின்றன; கிருமி மீனுக்குள் எவ்வாறு பிழைக்கிறது என்பதும் எழுதப்பட வேண்டும். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோபேஜ் செல்களுக்குள்ளேயே எட்வர்ட்சியெல்லா பாக்டீரியா, ஊசி போன்ற தன் சுரப்பு அமைப்பின் வழியே புரதங்களைச் செலுத்தி, அச்செல்லின் அழிக்கும் ஆற்றலை முடக்கிவிட்டு அங்கேயே பெருகுகிறது. விப்ரியோ ஆங்குவில்லாரம் என்ற பாக்டீரியாவோ, மீன் தன் இரத்தப் புரதங்களோடு பிணைத்து வைத்திருக்கும் இரும்பைக்கூட சிடரோஃபோர் எனப்படும், இரும்பைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளால் பறித்துக்கொள்கிறது. சால்மன் இனங்களைத் தாக்கும் ரெனிபாக்டீரியம் முட்டைக்குள்ளேயே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், முட்டையின் மேற்புறத்தை மட்டும் கிருமிநீக்கம் செய்வது போதாது. இது மிகவும் கவலைக்குரியது. செல்லுக்குள் பதுங்கிய கிருமியைப் பல ஆன்டிபயாடிக்குகள் எளிதில் எட்டுவதில்லை என்பதையும், நலமாகத் தோன்றும் மீனும் நோயைப் பரப்பக்கூடும் என்பதையும் மீன் வளர்ப்போர் அறியும்படி, தங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்