அறிவியல் பாடம் எதற்காக? பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம்

புதுச்சேரி
25.08.2025

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் புறப்பட்ட பிறகு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை என் அறை வாசலில் நின்று, "என்ன கேட்டாலும் செல்போனே பதில் சொல்லிடுது மேடம், அப்புறம் எதுக்குப் பிள்ளைகளை வாரத்துல ரெண்டு மணி நேரம் லேப்ல நிறுத்தி வைக்கிறீங்க?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1825ஆம் ஆண்டில், இதே புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அருகிலிருந்து பார்த்து அதைப் பதிவு செய்தவர், முன்பு சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன். வேண்டிய எண்களையெல்லாம் சொற்களாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்தக் கணிதருக்குக் காகிதமோ எழுதுகோலோ தேவைப்படவில்லை. நம் வீடுகளில் இன்றும் புரட்டப்படும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வழிமுறை அதுதான். அவர் கணித்த தொடக்க நேரம் 4 நிமிடம் மட்டுமே பிசகியது. நடுநேரம் 23 நிமிடமும் முடிவு நேரம் 52 நிமிடமும் பிசகின. கணக்கின் பின்னாலிருந்த வானியல் கோட்பாடு எதையும் அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் குறித்திருக்கிறார்.

அவரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அந்த நினைவாற்றலில் நூறில் ஒரு பங்குகூட எனக்கில்லை. ஆனால் முடிவு நேரம் ஏன் அவ்வளவு தள்ளிப்போனது என்று கேட்டிருந்தால், அவரால் காரணம் சொல்லியிருக்க முடியாது. இன்று பிள்ளைகள் கையிலிருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியும் பெரும்பாலான வேளைகளில் சரியாகவே பதில் சொல்கிறது. தவறும்போதும் அதே உறுதியான குரலில்தான் தவறுகிறது. எதிரே அமர்ந்திருப்பவருக்கு அதைச் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டு மணி நேரம்.

இதில் எங்கள் பக்கத்துத் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், தனி ஊசல் சோதனையில் ஒரு மாணவனுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வராமல் 9.5 என்று வந்தது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கிவரை மட்டும் அளந்து, 100 சென்டிமீட்டரை 97 என்று எழுதியிருந்தான். அந்த 3 சென்டிமீட்டரைத் தேடிப் பிடிப்பதுதான் அன்றைய பாடமாக இருந்திருக்க வேண்டும். நானோ, தேர்வு நெருங்குகிறது என்று சொல்லி, 9.8 வரும்படி அளவுகளை மாற்றி ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொன்னேன். அவனும் மறுபேச்சின்றி எழுதினான்.

இந்த ஆண்டு முதல் நம் பள்ளியில் அளவுகளைப் பேனாவால் மட்டுமே எழுத வேண்டும்; தவறானதை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அக்காமார்களோ டியூஷன் ஆசிரியர்களோ எழுதிக்கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அடித்தல் திருத்தல் நிறைந்த நோட்டுக்கு மதிப்பெண் குறையாது என்பதற்கு நான் பொறுப்பு.

இப்படிக் கற்பதால் என்ன பயன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்ற ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு நடந்த மழைமானி வகுப்பில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "அகலமான வாளி வெச்சா மழை அதிகமா காட்டுமா, டீச்சர்?" என்று கேட்டான். ஆசிரியை பதில் சொல்லவில்லை. பக்கம் செங்குத்தாக உள்ள ஒரு டப்பாவையும் ஓர் அண்டாவையும் மழையில் வைக்கச் சொன்னார். இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில்தான் நின்றது. அதன்பின் பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள்: புயலன்று ஒரு சதுர மீட்டருக்கு 460 லிட்டர், 200 சதுர மீட்டர் உள்ள நம் மொட்டைமாடியில் 92,000 லிட்டர். உடனே ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடி வடிகால் குழாயின் விட்டத்தை அளக்கப் போனார்கள். அளக்கும்படி யாரும் சொல்லவில்லை.

கணினி நிரல் எழுதும் வகுப்பு எப்போது என்று சிலர் கேட்டீர்கள். எட்டாம் வகுப்புக்கு அக்டோபரில் தொடங்குகிறோம். இன்று கற்கும் நிரல்மொழி பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலத்தில் புழக்கத்தில் இருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்பதால், அதைப் பெரிதாக விளம்பரப்படுத்த எனக்கு மனமில்லை.

வரும் செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்கிறது. பூமியின் கருநிழல் நிலவைத் தொடும் நேரம் இரவு 9.57, நிலவு முழுதும் மறைவது சுமார் 11.01. எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள், பெற்றோர் ஒருவருடன், 9.30 மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வரலாம். பாயும் கைக்கடிகாரமும் கொண்டுவாருங்கள். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதால் கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை. கிரகண நேரத்தில் வெளியே வருவதில்லை என்ற வழக்கமுள்ள வீடுகளை நாங்கள் வற்புறுத்த மாட்டோம்; பிள்ளை காரணம் கேட்டால் அதட்டாமல் பேசுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். வானியலாளர் கணித்த நேரங்கள் கரும்பலகையில் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தைக் குறிக்கும். நிழலின் விளிம்பு மங்கலானது என்பதால் இரண்டும் பொருந்தாமல் போகக்கூடும். எவ்வளவு, ஏன் என்பதே மறுநாள் வகுப்பு.

மழைக்காலம் என்பதால் வானத்தை நம்புவதற்கில்லை. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கவென்றே பிரான்சிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த லெ ஜான்தீல் என்ற வானியலாளருக்கு, 1769 ஜூன் 4ஆம் தேதி காலை இதே புதுச்சேரியில் மேகம்தான் கிடைத்தது. நமக்கும் அப்படியே ஆனால், "மேகம், பார்க்க முடியவில்லை" என்று நேரத்தோடு எழுதி, பிள்ளைகள் கையெழுத்திட்டு நோட்டை ஒப்படைப்பார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை