அருவி இறங்கப் பழக்கும் குழுக்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையோடை வழியே கயிற்றில் இறங்கி, தடாகத்தை நீந்திக் கடந்து, அடுத்த அருவிக்கு மறுபடி கயிறு கட்டும் கேன்யனிங் விளையாட்டில் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்திருப்பது நல்ல செய்தி. அவர்கள் தனித்தனியாகத் திரியாமல் குழுவாகச் சேர்வது அதைவிட நல்லது. கவலை தருவது, குழுவுக்குள் ஒருவரை அடுத்த படிக்கு உயர்த்தும் முறைதான். "பத்து அருவி இறங்கியாச்சுல்ல, இனி நீயே நாலு பேரைக் கூட்டிட்டுப் போ" என்று எண்ணிக்கையை வைத்து உயர்த்துகிறார்கள். பத்து முறை இறங்கியவருக்குத் தொங்கும் துணிச்சல் வந்திருக்கும். மேலே கயிறு கட்டியிருக்கும் பிடிமானமான ஆங்கரில் நின்று, தொங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவரை மீட்கத் தெரியுமா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

பாறையேற்றம் பழகியவர்களை நேராக நடுப்படியில் சேர்த்துக்கொள்வதும் இதே வகைத் தவறு. உலர்ந்த பாறையில் உயிரைக் காக்கும் இரண்டு பழக்கங்கள் ஓடும் நீரில் உயிரை எடுத்துவிடும். முதலாவது, கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடுவது. பாறையில் அது ஆள் நுனியைத் தாண்டி விழாமல் தடுக்கும். அருவியடியில் நீர் கொந்தளிக்கும் தடாகத்திலோ, இறங்கும் வேகத்தை அடக்கும் டிசென்டர் கருவியைவிட்டுக் கயிறு உருவிப்போக விடாமல் ஆளைக் கொட்டும் நீருக்குள்ளேயே பிடித்து வைக்கும். எனவே அங்கே நுனியில் முடிச்சு கூடாது. கயிறு நீர்மட்டத்தைத் தொட்டால் போதும். தடாகத்துக்குள் சுருண்டு கிடக்கும் மிச்சக் கயிறு காலில் சுற்றும். இரண்டாவது, டிசென்டரோடு சேர்த்துப் போடும், பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் புருசிக் முடிச்சு. தலையில் நீர் கொட்டும்போது அது இறுகிவிட்டால், உடம்புப் பாரம் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறவரை தளராது. அதற்குப் பதில், முதலில் இறங்கியவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். மேலிருப்பவரின் கை நழுவினால் அதை இழுத்து நிறுத்துவது அவர் வேலை. அந்த முதல் ஆளுக்குக் கீழே யாரும் இல்லை என்பதால், மேலிருந்து தளர்த்தி இறக்கக்கூடிய கட்டு இல்லாமல் அவரை அனுப்பவே கூடாது.

அந்தக் கட்டுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. 30 மீட்டர் அருவிக்கு 60 மீட்டர் கயிறு வேண்டும். 30 மீட்டரைக் கீழே விட்டு, மிச்சம் 30 மீட்டரை மேலே பையிலேயே வைத்து, ஆங்கரில் மாட்டிய கேரபைனரில் (திறந்து மூடும் உலோக வளையம்) கயிற்றை உராய்வோடு தளர்த்திவிட உதவும் முன்டர் ஹிட்ச் முடிச்சைப் போட்டு, மியூல் முடிச்சால் பூட்டி, அதன் கண்ணியை இன்னொரு கேரபைனரால் காப்பிட வேண்டும். நடுவில் ஒருவருடைய தலைமுடியோ சட்டை நுனியோ டிசென்டரில் சிக்கினால், மேலிருப்பவர் காப்பை எடுத்து, மியூலை உருவி, அவரை அப்படியே தடாகம்வரை இறக்கிவிடலாம். எங்கே கெடுகிறது? 40 மீட்டர் கயிற்றைக் கொண்டுபோய் 30 மீட்டர் அருவியில் கட்டுவார்கள். பத்து மீட்டர் இறக்கியதும் கயிறு தீர்ந்துவிடும். சுமை குறையட்டும் என்று கயிற்றுப் பையையே முதலில் கீழே எறிந்துவிடுவார்கள்; பிறகு தளர்த்த மேலே கயிறு ஏது? காப்புக் கேரபைனரை மறந்தால், யார் கையாவது பட்டு மியூல் தானாகவே அவிழலாம்.

ஆகவே தலைவருக்கு உதவியாக ஆங்கரில் நிற்கும் துணையாள் ஆகும் தேர்வு இதுவாக இருக்கட்டும்: ஈரமான கையுறையோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு இந்தக் கட்டைப் போட வேண்டும், விசில் கேட்ட ஒரு நிமிடத்துக்குள் பாரத்தோடு தொங்குபவரைத் தரை இறக்க வேண்டும். ஒருமுறை செய்து காட்டினால் போதாது, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மறுபடி செய்ய வேண்டும். ஆறு மாதம் தொடாத முடிச்சு விரலுக்கு மறந்துபோகும். விசிலும் ஊதல் குண்டு இல்லாததாக இருக்கட்டும். குண்டு வைத்தது நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் குறிகள் இவை: ஒன்று ஊதினால் நில், இரண்டு மேலே, மூன்று கீழே, நான்கு கயிற்றைவிட்டு வெளியே வந்தாயிற்று. வேறு குறி வைத்துக்கொண்டாலும் சரி, குழுவில் எல்லோருக்கும் ஒரே குறியாக இருந்தாக வேண்டும்.

கடைசியாக இறங்குபவரின் இடம் அதற்கும் மேல்படி. எல்லோரும் இறங்கிய பிறகு, அவர்தான் அந்தக் கட்டைப் பிரித்து, கீழிருந்து உருவி எடுக்கக்கூடிய கட்டாக மாற்றுகிறார். அவருக்கு இனி மேலே உதவி கிடையாது. எந்த இழையை இழுக்க வேண்டும் என்பதைக் கீழிருப்பவருக்குக் காட்டி, அவர் இழுத்துப் பார்த்துக் கயிறு நகர்கிறது என்று குறி கொடுத்த பிறகே இறங்க வேண்டும். கயிறு மேலேயே மாட்டிக்கொண்டால், கீழே அடுத்த அருவியின் விளிம்பில் குழு கயிறில்லாமல் நிற்கும். ஏறித் திரும்பவும் வழியிருக்காது. தைரியசாலி என்பதற்காக யாரையும் இந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். தலைவரை மேலே பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறிய அருவிகளில் பல தடவை செய்து காட்டியவரை நிறுத்துங்கள்.

நீச்சல் பற்றி. சுரைப்புட்டியைக் கட்டிக் கிணற்றில் குதித்துப் பழகியவர்கள் நம் பக்கம் ஏராளம். அந்த நீச்சல் நல்ல அடித்தளம், ஆனால் கிணற்று நீர் ஓடுவதில்லை. ஓட்டத்தில் மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் முன்னால் வைத்து, மிதந்து போய் ஓரத்துத் தேங்கலில் ஒதுங்கத் தெரிய வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் எழுந்து நிற்கப் பார்த்தால், கல்லிடுக்கில் பாதம் மாட்டி, நீரே ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். குதிப்பதென்றால், முன்னால் ஒருவர் இறங்கி ஆழம் பார்த்த பிறகுதான். போன ஆண்டு ஆழமாக இருந்த தடாகத்தில் இந்த ஆண்டு வெள்ளம் மணலையும் கல்லையும் கொண்டுவந்து போட்டிருக்கும். திருப்பூர், பல்லடம் பக்கத்துக் கைவிட்ட பாறைக்குழிகளில் பயிற்சி நடத்துவதையும் தயவுசெய்து விடுங்கள். வெடி வைத்துப் பிளந்த சுவரில் கல் தளர்ந்திருக்கும், நீருக்கடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உலர்பயிற்சிக்கு நல்ல ஆங்கர் உள்ள செயற்கைச் சுவரே போதும்.

தலைவர் என்ற படிக்குக் கயிறு பாதி, நீரை அறிவது மீதி. பொள்ளாச்சியில் வெயில் காயும்போதே வால்பாறை மலைமேல் மழை கொட்டும். பள்ளத்தில் நிற்பவருக்கு மேல்வானம் ஒரு கீற்றுத்தான் தெரியும். பஞ்சலிங்க அருவியிலும் கோவைக் குற்றாலத்திலும் வெள்ளம் வந்து தடை விதிக்கப்படுவதைப் பருவந்தோறும் படிக்கிறோம். மழையே இல்லாமலும் நீர் ஏறும்: பில்லூர் அணை திறந்தால் நெல்லித்துறை, மேட்டுப்பாளையம் பக்கத்துப் பவானி ஆற்றில் நடப்பது இதுதான். நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஓரத்து மேட்டுக்கு ஏற வேண்டும். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் சாக்ஸெட்பாக் ஓடையில் இடிமழை வெள்ளம் 21 பேரைக் கொன்றது. அவர்களில் 3 பேர் வழிகாட்டிகள். 2001இல் அதை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த 6 பேர் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதாகத் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே கயிறு அறுந்ததால் யாரும் சாகவில்லை. புறப்படுவதா வேண்டாமா என்ற முடிவில்தான் பிழை நேர்ந்தது. தலைவராக வருபவரிடம் வரைபடத்தைக் கொடுத்து, இந்த ஓடைக்கு நீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது, மேலே அணையோ மின்நிலையமோ உண்டா, நடுவழியில் எங்கெங்கே ஏறி வெளியேறலாம் என்று குறிக்கச் சொல்லுங்கள். குறிக்க முடியாதவர் இன்னும் ஒரு பருவம் துணையாளாகவே வரட்டும்.

உறுப்பினர் பதிவேட்டிலும் அருவியின் பெயரையும் உயரத்தையும் மட்டும் எழுதிப் பயனில்லை. அன்று நீர் எவ்வளவு ஓடியது, அவர் எத்தனையாவது ஆளாக இறங்கினார், எந்தக் கட்டைத் தன் கையால் போட்டார், யார் சரிபார்த்தார் என்று எழுத வேண்டும்.

இன்னொன்று அனுமதி. நம் ஓடைகளில் பெரும்பாலானவை காப்புக்காட்டிலும், ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் இருக்கின்றன. அனுமதியின்றி நுழைவது குற்றம். யானை நீர் குடிக்க வரும் வழியும் அதுவே. வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அது நடைக்கானது. பொருத்தமான ஓரிரு ஓடைகளைத் தேர்ந்து, குறைந்த நீர் ஓடும் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும், மேலே சொன்ன படிகளைக் கடந்த தலைவர் உள்ள குழுக்களுக்கு, ஒரு தலைவருக்கு நான்கு புதியவருக்கு மேற்படாமல் அனுமதிக்கலாமா என்று துறை பரிசீலிக்க வேண்டுகிறோம். குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீர் ஏறித் திரும்பி வந்தால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தருவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பணம் போய்விடுமே என்று முணுமுணுக்கும் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் சரியான முடிவெடுப்பது எந்தத் தலைவருக்கும் கடினம்.

இப்படிக்கு,
கயிற்றுப் பயிற்சியாளர்கள்,
பொள்ளாச்சி.