அவள் எழுதியபடியே அந்தக் கதையைப் படியுங்கள்

மாணவர் சிறுகதைப் போட்டியின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். பாம்பன் பக்கத்திலிருந்து எங்கள் வாசிப்பு வட்டம் அனுப்பிய கதைகளில் ஒன்று போன வாரம் திரும்பி வந்தது. எந்தக் கதை என்று உங்களுக்கே தெரியும். கடல்பாசி எடுத்து விற்கும் அம்மாவைப் பற்றி, பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் எழுதியது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு குறிப்புகள். வட்டார வழக்கை நீக்கி நல்ல தமிழில் எழுத வேண்டும் என்பது ஒன்று. படிப்பின் அருமையை உணர்த்தும்படி முடிவை மாற்ற வேண்டும் என்பது இன்னொன்று.

கோபத்தில் எழுதிவிடக் கூடாது என்று ஒரு வாரம் பொறுத்தேன். கோபம் தணியவில்லை. ஆனாலும் மரியாதையோடுதான் கேட்கிறேன்: அந்தக் கதையை அவள் எழுதியபடியே இன்னொரு முறை படியுங்கள்.

அவசரத்தில் படித்திருப்பீர்களோ என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் அம்மா விரல் விரலாகத் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொள்கிறாள். சுற்றாமல் போனால் பாரில், அதாவது கடலடிப் பாறையில், கை கிழிந்துவிடும். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் படகில் போகிறாள். தீவுக்குப் பக்கத்தில் அம்மா முங்கி முங்கிப் பாசி பறிக்கிறாள். அப்போது ரோந்துப் படகு வருகிறது. அங்கே பாசி எடுப்பது குற்றம் என்று, இடுப்பில் கட்டியிருந்த பையை வாங்கிக்கொள்கிறார்கள். ஊரில் நாலு தெருவுக்குக் கேட்கப் பேசுகிற அம்மா, "சார், புள்ள படிக்குது சார், பையக் குடுத்துருங்க சார்" என்கிறாள். "அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாள் இந்தப் பெண். இரவு, அம்மாவின் துணிக்கிழிசல்களை அலசிக் காயப்போடுகிறாள். மறுநாள் விடியலில் அவற்றை எடுத்துத் தன் விரல்களில் சுற்றிக்கொள்கிறாள். கதை அங்கே முடிகிறது.

இதற்கு மேல் படிப்பின் அருமையை எங்கே வைக்கச் சொல்கிறீர்கள்?

இந்தப் போட்டிக்காக நீங்கள் நடத்திய இரண்டு நாள் பயிற்சி முகாமுக்கு நானும் பிள்ளைகளோடு வந்திருந்தேன். 'விடுதலைக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள்' என்பதுதான் தலைப்பு. ஜமைக்கா கின்கெய்ட் என்ற எழுத்தாளரின் 'கேர்ள்' கதையை நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். 1978இல் வந்த கதை, கரீபியக் கடலில் ஆன்டிகுவாவில் பிறந்தவர் எழுதியது. முழுக்க முழுக்க ஒரே வாக்கியம். அம்மா மகளுக்கு இப்படித் துவை, இப்படிச் சமை, இப்படி நட என்று சொல்லிக்கொண்டே போகிறாள். பென்னா என்கிறாள், டூகோனா என்கிறாள். ஒன்று அந்த ஊர்ப் பாட்டு, மற்றது அந்த ஊர்ப் பலகாரம். எதற்கும் விளக்கம் இல்லை. நீதியும் இல்லை, அம்மாவின் கேள்வி ஒன்றோடு முடிந்துவிடுகிறது. ஊர்ச்சொல்லை மாற்றாமல் வைத்ததுதான் அந்தக் கதையின் துணிச்சல் என்று சொன்னீர்கள். எங்கள் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இந்தப் பெண் அடிக்கோடே போட்டிருக்கிறாள்.

அதே முகாமில் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'அராபி' கதையையும் படித்தோம். 1914இல் வந்த தொகுப்பில் உள்ளது. எங்கள் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான் என்று ஒரு பையன் எழுந்து சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? டப்ளின் சிறுவன் ஒருவன் ஆசை ஆசையாகச் சந்தைக்குப் போகிறான். அங்கே கடைக்காரப் பெண், அப்போது அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்தின் உச்சரிப்பில் பேசும் இரண்டு ஆண்களோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவன் ஒன்றும் வாங்காமல் இருட்டில் நிற்கிறான், அவ்வளவுதான். அவன் திரும்பிப் போய் நன்றாகப் படித்தான் என்று யாரும் சேர்த்து எழுதச் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் வலித்தது இரண்டாம் பக்கம். "வாடை ஓயட்டும், அப்புறம் போகலாம்" என்று அம்மா சொல்லும் இடத்தில் 'வாடை'யை வட்டமிட்டு, மேலே 'நாற்றமா?' என்று எழுதியிருக்கிறீர்கள். அய்யா, அது வடக்கேயிருந்து வரும் காற்று. பத்துப்பாட்டில் ஒரு பாட்டுக்குப் பெயரே நெடுநல்வாடை. கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் மேல்காற்றைக் கச்சான் என்றும் இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் தப்பினால் உயிரே போய்விடும். இவற்றை எடுத்துவிட்டு எந்த நல்ல தமிழை அவள் எழுத வேண்டும்? கென்யாவில் வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் தாய்மொழியான கிக்கூயு பேசிய பிள்ளையின் கழுத்தில் 'நான் முட்டாள்' என்று தகடு மாட்டினார்கள் என்று அந்நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ எழுதியதை முகாமில் சொன்னவரும் உங்களில் ஒருவர்தான். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தபோது இந்தப் பெண்ணின் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கடற்கரை என்றாலே வெளியே இருப்பவர்களுக்கு 1964 புயலும் கச்சத்தீவும்தான். தனுஷ்கோடிக்கு வந்து இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கே பிள்ளைகளும் வளர்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பக்கத்து ஊரான மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்போது முகாமில் வைத்து நோய்ச் சோதனை செய்த ஊர். அப்புறம் 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் அங்கிருந்து திரும்பியவர்கள் வந்து இறங்கிய ஊர். 1983க்குப் பிறகு அகதிகள் வந்த ஊர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. பவளப்பாறையைக் காக்க வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டி பாசி எடுத்த இடத்தில் பேத்தி நின்றால் குற்றம் என்று ஆகும்போது அந்தப் பேத்தியின் மனதில் என்ன நடக்கிறது? வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் ஆட்சியின் நிழல் மனிதர்கள் மேல் விழுவதைப் பின்காலனியம் என்று நீங்கள் பலகையில் எழுதிப்போட்டது இதைத்தானே? அந்தப் பெரிய சொல் தெரியாமலே இவள் அதை எழுதிவிட்டாள்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். பரிசு கேட்டு எழுதவில்லை. வேறு கதைகள் இதைவிட நன்றாக இருந்தால் அவற்றுக்கே கொடுங்கள். இந்தக் கதையில் ஒரு சொல்லையும் மாற்றாமல், முடிவில் கைவைக்காமல், அவள் எழுதியபடியே படித்து முடிவு சொல்லுங்கள். மாற்றினால்தான் ஏற்போம் என்றால் அதையும் எழுதியே அனுப்பிவிடுங்கள், அவளிடம் காட்டுகிறேன்.

நேற்று வந்திருந்தாள். கையில் வேறொரு தாள். உங்கள் குறிப்புப்படி 'வாடை'யை அடித்து 'குளிர்ந்த காற்று' என்று எழுதிப் பார்த்திருக்கிறாள். "எங்கம்மா இப்படிப் பேசாது சார்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டாள். அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்பதால் இந்த வாரம் அம்மாவோடு பாசிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு வருவாள். அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்து வாசிப்பு வட்டத்தின் தமிழாசிரியர்