இங்கிலாந்தின் ஓல்டு வார்டன் விமானத் திடலில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அப்பா நேற்றிரவு வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கரண்டி ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். எனக்குத்தான் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. விமானக் காட்சியில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்ல என்னால் முடியாது.

முதலுதவிக் கூடாரத்தில் அவர் கையை விடாமல் பிடித்திருந்த பெண்ணுக்கு, ஆம்புலன்ஸுக்காகக் கார்களை ஒதுக்கி வழிவிட்டவர்களுக்கு, தங்கள் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்த பக்கத்துக் குடும்பத்துக்கு, மூன்று நாளும் சோறு ஆக்கிக் கொண்டுவந்த பெட்ஃபோர்டு நண்பர்களுக்கு, உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொருவர் இருக்கிறார். எண்ணெய்க் கறை படிந்த மேலங்கி போட்ட பெரியவர்.

அப்பா பெரம்பூர் லோகோ பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஷட்டில்வொர்த் தொகுப்பு என்ற அங்குள்ள பழைய விமான அருங்காட்சியகத்தின் சாப்வித் பப் பறப்பதைப் பார்க்கத்தான் வந்தார். முதல் உலகப் போர்க்கால விமானம். அதன் 80 குதிரைத்திறன் லே ரோன் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்தே சுழலும். அது மேலே ஏறியபோது அவர் கூடாரத்தில் படுத்திருந்தார். பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. இறங்கும்போது விட்டுவிட்டுக் கேட்டதும் எழப் பார்த்தார். "எஞ்சின் அணையுதும்மா, பைலட் இறங்கிட்டாரான்னு பாரு." தன் நிலைமை அவருக்கு நினைவே இல்லை.

வெளியே ஓடி, எதிரே வந்த அந்தப் பெரியவரிடம் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சிறிது நேரத்தில் அவரே கூடாரத்துக்குள் வந்து அப்பா பக்கத்தில் மண்டியிட்டார். பைலட் நலம், அந்த எஞ்சினின் வேகத்தைத் தணிக்க நெருப்புப்பொறியை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு ஒரு துணியை நீட்டினார். அப்போதுதான் இறங்கிய பப்பின் மூக்கைத் துடைத்த துணி.

அப்பா முகர்ந்தார். கண் விரிந்தது. "ஏம்மா, இது விளக்கெண்ணெய்!"

ஆமாம், ஆமணக்கு எண்ணெய்தான். பெட்ரோலில் அவ்வளவாகக் கரையாது என்பதால் அந்தக் கால எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். உள்ளே போனது திரும்பாது, காற்றோடு வெளியே தெறித்துவிடும். பாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்த கதையை அப்பா அவருக்குத் தமிழிலேயே சொன்னார். அவரும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடம் நான் பயப்படவில்லை.

ஐயா, உங்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 1909-ஆம் ஆண்டு பிளேரியோ விமானம், காற்று அடங்கிய மாலையில்தான் புல்வெளியை விட்டுக் கொஞ்சம் எழும்பும் என்றீர்கள். அடுத்த கோடையில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்தாவது அழைத்து வருவேன். காற்று அடங்கும்வரை காத்திருப்போம்.

இன்று காலை அம்மா அந்தத் துணியைத் துவைக்க எடுத்தார். அப்பா தரமாட்டேன் என்றுவிட்டார். தலையணைக்கு அடியில் இருக்கிறது.