எண்ணெய் படிந்த கல்லை மீட்டுத் தந்த கைகளுக்கு

எர்ணாவூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் எங்கள் உறவுகளுக்கும், தொலைவில் இருந்தபடியே எங்களுக்காகக் கவலைப்பட்ட அனைவருக்கும் வணக்கம்.

நேற்று, தை மாதம் ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு, நம் உணவகத்தின் அடுப்பு 46 நாட்களுக்குப் பிறகு மீண்டும் எரிந்தது. முதல் ஈட்டு இட்லியைத் துணியிலிருந்து பிரித்தெடுத்தபோது, அங்கே நின்றிருந்த ஆறு பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து அதை முகர்ந்து பார்த்தோம். அரிசியும் உளுந்தும் புளித்து வெந்த மணம் மட்டுமே வந்தது. வேறெந்த வாடையும் இல்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதால் இரவோடு இரவாக இந்த மடலை எழுதுகிறேன்.

மிக்ஜாம் புயல் மழையில் வெள்ளம் புகுந்த 2023 டிசம்பர் 4ஆம் தேதியையும் அதை அடுத்து வந்த நாட்களையும் நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. வெறும் மழைவெள்ளமாக இருந்திருந்தால் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுவாரமே கடையைத் திறந்திருப்போம். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்ததால்தான் இத்தனை நாளாயிற்று.

எங்களைப் புதிதாக அறிந்தவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் ஒன்றாக அடுப்பு மூட்டிச் சமைத்த சில குடும்பங்கள், வெள்ளம் வடிந்த பிறகும் அந்த அடுப்பை அணைக்க மனம் வராமல் மறுவருடம் தொடங்கியதே இந்த உணவகம். இங்கே இட்லி மூன்று ரூபாய். சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல் கொண்ட மதியச் சாப்பாடு இருபது ரூபாய். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் வெளிமாநிலப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து உண்ணும் இடம் இது. சமைக்கும் இருவருக்கு மட்டுமே கூலி தருகிறோம். நறுக்குவது, மாவாட்டுவது, பரிமாறுவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் முறைவைத்து வரும் எங்கள் வேலை. சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரி 19 அன்று அம்மா உணவகத்தைத் தொடங்கி, ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் கொடுத்தபோது, குறைந்த விலைக்கும் மரியாதையான உணவைத் தர முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அங்கே அரசு மானியம் இருக்கிறது. எங்களுக்கு எங்கள் கையுழைப்பே மானியம்.

அந்தக் கையுழைப்புக்கு அடுத்தபடியாக எங்கள் விலையைத் தாங்கி நிற்பது இரண்டு கல் கிரைண்டர்கள் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இட்லி அரிசியும் உளுந்தும் போடும்போது, கல்லில் நின்று நிதானமாக ஆட்டிய உளுந்து பஞ்சாய்ப் பொங்கி மாவைப் பெருக்கிக் கொடுக்கும். மிக்ஸியின் சூட்டில் அரைத்தால் அதே உளுந்து அமுங்கிப் போகும், இட்லியும் எண்ணிக்கையில் குறையும், பல்லில் ஒட்டும். பாக்கெட் மாவு வாங்கினால் மூன்று ரூபாய்க்கு இட்லி தருவது நடக்காத காரியம். அதனால்தான் வெள்ளத்தில் அரிசி மூட்டைகள் போனதைவிட, அந்தக் கற்களில் எண்ணெய் ஏறியது எங்களை அதிகம் உடைத்தது.

சோப்புத் தூள், சோடா உப்பு, சுண்ணாம்பு, புளி, சாம்பல், கொதிக்கும் வெந்நீர் என்று அக்கம்பக்கத்தார் சொன்ன எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தோம். குளிர்ந்திருக்கும்போது கல்லில் ஒரு வாடையும் தெரியாது. அரிசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டால், கல் சூடேறியதும் அந்த நாற்றம் மாவோடு கிளம்பி வரும். மூன்று முறை ஆட்டி மூன்று முறையும் மாவைக் கீழே கொட்டினோம். புதுக் கற்கள் வாங்கப் பணம் இல்லை. மார்கழி பாதியில் ஒருநாள், இரண்டு கற்களையும் குழவிகளோடு திண்ணையில் கொண்டு வந்து வைத்துவிட்டு, இட்லியை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை மட்டுமாவது தொடர முடியுமா என்று பேசத் தொடங்கியிருந்தோம்.

அன்று பகலில் வந்தவரைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். அவரை நீங்கள் தெருவில் கேட்டிருப்பீர்கள். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று வெயில் ஏறிய நேரத்தில் வரும் குரல் அவருடையது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நாங்கள் கூப்பிடும்படியே ஆயா என்றே எழுதுகிறேன். மிக்ஸி வந்த பிறகு அவருடைய தொழில் தேய்ந்துவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. வேலை கிடைத்த நாளில் எங்களிடம் மதியம் சாப்பிட வருவார், டோக்கனுக்கு இருபது ரூபாயை எண்ணி வைப்பார், ரசத்தை இரண்டாம் முறை கேட்பார். அதற்கு மேல் நாங்கள் அவரோடு பேசியதில்லை என்பதை இப்போது நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கடை திறந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர், திண்ணையில் இருந்த கல்லைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, அதன் குழிக்குள் முகத்தை விட்டு முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். சற்று நேரம் கழித்து, "கல்லு கெடலம்மா. மேல் தோலுதான் கெட்டிருக்கு. தோலை எடுத்துட்டா அது பொறந்த கல்லுதான்" என்றார். நாங்கள் ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே நான்கு உளிகளோடும் பேரனோடும் வந்தார். வழக்கமாக அம்மியையோ ஆட்டுக்கல்லையோ கொத்துவது வழவழப்பைப் போக்கிச் சொரசொரப்பு ஏற்றுவதற்கான மேலோட்டமான வேலை. இதுவோ குழியின் உட்புறம் முழுவதையும், குழவியின் ஒவ்வொரு பக்கத்தையும், எண்ணெய் இறங்கிய ஆழம் வரை ஒரே சீராகச் செதுக்கி எடுக்க வேண்டிய வேலை. ஓரிடத்தில் உளி ஆழமாக இறங்கிவிட்டால் குழவி தட்டித் தட்டி ஓடும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, அரை விரல்கடை அரை விரல்கடையாக நகர்ந்தபடி ஐந்து நாட்கள் கொத்தினார். உளியின் முனை மழுங்கும்போதெல்லாம் பேரன் பட்டறைக்கு ஓடிக் கூராக்கி வாங்கி வந்தான். இரண்டாம் நாள் மாலையில் கல்லின் கறுப்பு மாறி, உள்ளிருந்து சாம்பல் நிறம் வந்ததைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

கொத்தி முடித்ததோடு அவர் போய்விடவில்லை. உமியையும் தவிட்டையும் போட்டு ஆட்டிக் கொட்டினார். பிறகு கல்லுப்பு, பிறகு நொய்யரிசி. ஒவ்வொரு முறையும் மாவை இரு விரல்களுக்கு இடையே நசுக்கி மணல் நெருடுகிறதா என்று பார்த்தார். நொய்யைப் போட்டு ஆறாம் முறை ஆட்டியபோது, ஓடும் கல்லில் கையை வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டு, என்னை அழைத்து முகரச் சொன்னார். நான் முகர்ந்தேன். பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

கூலியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு கல்லுக்குக் காசு குடுங்க, எனக்கும் வயிறு இருக்கு. இன்னொன்னு என் பங்கு. நானும் இங்க சாப்பிடுறவதானே." இரண்டுக்கும் வாங்கிக்கொள்ளும்படி எவ்வளவு மன்றாடியும் அவர் இணங்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். உணவை ஏன் இலவசமாகவே தந்துவிடக் கூடாது என்று நல்ல மனத்தோடு எங்களைக் கேட்பவர்கள் உண்டு. காசில்லாதவருக்கு நாங்கள் என்றும் இல்லை என்று சொன்னதில்லை; அன்னதானத்தின் பெருமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவருக்குச் சோறு போடுகிறது. ஆனால் எங்கள் பெஞ்சில் இருபது ரூபாய் வைத்துச் சாப்பிடுகிறவருக்கு, குழம்பில் உப்பில்லை என்று சொல்லவும், கடை ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கவும், திண்ணையில் இருக்கும் கல்லைத் தயங்காமல் தொட்டுப் பார்க்கவும் உரிமை இருக்கிறது. ஆயா அந்த உரிமையோடுதான் உள்ளே வந்தார் என்று நான் நம்புகிறேன்.

மற்றவர்களுக்கும் நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். எண்ணூர் முகத்துவாரத்தில் படகிலிருந்து வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளிவிட்டு வந்த அலுப்போடு எங்கள் அண்டாக்களையும் தேய்த்துக் கொடுத்த மீனவத் தம்பிகள், தண்ணீர் புகுந்த மோட்டார்களுக்குக் காயில் மாற்றித் தந்து பணத்தைத் தவணையில் கேட்ட மெக்கானிக் அண்ணன், பழைய பாக்கி இருந்தும் புது அரிசிச் சிப்பங்களை இறக்கிய மண்டிக்காரர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கல்லூரி மாணவர்கள், வெளியூர்களிலிருந்து வந்து எங்கள் தெருச் சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், ஐம்பதும் நூறுமாக ஜிபேயில் அனுப்பிவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாதவர்கள் ஆகிய எல்லாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

ஆயாவுக்கு நாங்கள் கொடுத்த வாக்கையும் உங்கள் அனைவர் முன்னிலையில் எழுதி வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு கற்களையும் அவரே கொத்துவார். அப்போது இரண்டு கற்களுக்கும் முழுக்கூலி வாங்கிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய பேரனிடம் எங்கள் பிள்ளைகள் இருவர் உளி பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள். இந்த ஆண்டு முழுவதும் இட்லி மூன்று ரூபாய்க்கும் சாப்பாடு இருபது ரூபாய்க்கும் மேல் ஏறாது. வீட்டில் அம்மியோ ஆட்டுக்கல்லோ கிரைண்டரோ வைத்திருப்பவர்கள், தெருவில் அந்தக் குரல் கேட்கும்போது தயவுசெய்து கதவைத் திறந்து அவரை அழையுங்கள்.

நேற்று மதியம் அவர் வந்தார். இருபது ரூபாயை எண்ணி வைத்து டோக்கன் வாங்கினார். ரசம் இரண்டாம் முறை கேட்டார்.

நன்றியுடன்,
உணவகத் தொண்டர்கள் சார்பில்,
எர்ணாவூர், சென்னை
20 ஜனவரி 2024