மூஸ் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வட ஒன்ராறியோவுக்கு மூஸ் மான் வேட்டைக்குப் புதிதாகச் செல்ல விரும்புவோருக்காகத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த வழிகாட்டிக் கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். அனுமதிப்பத்திரம், செம்மஞ்சள் மேலாடை, இறைச்சியைக் குளிரவைக்கும் முறை ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் பயனுள்ளவை. ஆயினும் துப்பாக்கித் தோட்டாவைத் தெரிவுசெய்வது பற்றிக் கட்டுரையாளர் கூறியிருக்கும் அறிவுரையை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். மூஸ் மிகப் பெரிய விலங்கு ஆகையால் கூடுதல் வெடிமருந்து அடங்கிய 'மக்னம்' வகைத் தோட்டாவான 300 வின்செஸ்ரர் மக்னத்துக்குக் குறைந்த எதுவும் போதாது என்றும், வசதியுள்ளவர்கள் 338 வின்செஸ்ரர் மக்னத்தையே வாங்குவது நல்லது என்றும் அவர் எழுதியிருக்கிறார். முதன்முறையாக றைபிள் வாங்கப்போகும் ஒருவர் இதை நம்பிக் கடைக்குப் போனால், பணம் வீணாவதோடு, காட்டில் ஒரு விலங்கு காயத்தோடு தப்பியோடி எங்கோ ஒரு சதுப்பில் கிடந்து சாகவும் அது காரணமாகலாம்.

மூஸ் பெரியது என்பதில் ஐயமில்லை. வளர்ந்த ஆண் மூஸ் தோளளவில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரமும், 400 முதல் 600 கிலோ வரை எடையும் கொண்டது. ஆனால் அது விழுவது சன்னம், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து செல்லும் உலோகத் துண்டு, மோதும் அதிர்ச்சியால் அல்ல. இரண்டு நுரையீரல்களும் துளைக்கப்பட்டு, இரத்தம் வடிந்து, மூளைக்கு ஒட்சிசன் போவது நின்றபிறகே அது விழுகிறது. சரியான இடத்தில் சூடு பட்ட மூஸ் ஒன்றும் நடவாதது போலச் சில கணங்கள் அப்படியே நிற்பதையும், பின்னர் சில பத்து மீற்றர்கள் நடந்துபோய்ச் சாய்வதையும் பார்த்தவர்கள் அறிவார்கள். குறி தப்பிவிட்டது என்று புதியவர் நினைத்துக்கொள்வது அந்தக் கணங்களில்தான். மக்னம் தோட்டாவால் சுட்டாலும் பெரும்பாலும் இதுவே நடக்கும். ஆகவே தோட்டாவிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் நுழையும் சன்னம், விலா எலும்பை உடைத்துக்கொண்டு, விரிந்து, இரண்டு நுரையீரல்களையும் கடந்து மறுபக்கத்தை எட்ட வேண்டும்.

இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூஸ் வேட்டையில் நீண்ட மரபுள்ள நாடுகள் அதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன. சுவீடனிலும் நோர்வேயிலும் மூஸ் வேட்டைக்கான சன்னம் 9 கிராமுக்குக் குறையக்கூடாது. 9 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடைப்பட்ட சன்னமானால் 100 மீற்றர் தூரத்தில் குறைந்தது 2,700 யூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேற்பட்ட சன்னத்துக்குச் சுவீடனில் 2,000 யூலும், நோர்வேயில் 2,200 யூலும் போதுமானவை. சன்னம் விரியும் வகையினதாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். 1890களில் இவ்விரு நாடுகளின் படைகளுக்காக உருவாக்கப்பட்ட 6.5க்கு 55 மில்லிமீற்றர் தோட்டா, 10.1 கிராம் எடையுள்ள சன்னத்தோடு இந்த வரம்பை எட்டிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சுவீடன் வேட்டைக்காரர்கள் அதைக்கொண்டே மூஸ் சுட்டு வந்திருக்கிறார்கள். சுடும்போது அது தோளில் தரும் பின்னுதைப்போ மிகவும் மென்மையானது.

இந்த அளவுகோலோடு நம் கடைகளில் கிடைப்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1906இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட 30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டா, 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் எடையுள்ள சன்னத்தைக் குழல்வாயில் விநாடிக்கு ஏறத்தாழ 820 மீற்றர் வேகத்தில் அனுப்புகிறது. அதன் சக்தி 3,900 யூலுக்கும் மேல். 1952இல் சந்தைக்கு வந்த 308 வின்செஸ்ரர் இதைவிடச் சற்றே குறைந்தது. இரண்டுமே மேற்சொன்ன வரம்பை மிகத் தாராளமாகத் தாண்டுகின்றன. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் 300 வின்செஸ்ரர் மக்னம் அதே எடையுள்ள சன்னத்துக்கு 30-06ஐ விட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதிக சக்தியைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதே எடையுள்ள றைபிளில் அதன் பின்னுதைப்பு அதைவிடக் கூடுதலான விகிதத்தில் ஏறுகிறது. மறுபுறம், 243 வின்செஸ்ரரின் சன்னம் 6.5 கிராம் அளவே எடையுள்ளது. சிறிய மான்களுக்கு அது நல்ல தோட்டா. மூஸுக்கு அதை எடுத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன்.

தோட்டாவின் பெயரைவிட முக்கியமான ஒன்றைக் கட்டுரை ஒரு வரியிலேனும் குறிப்பிடவில்லை என்பதே என் பெரிய குறை. அது சன்னத்தின் அமைப்பு. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர், அக்காலத்தில் வலிமைக்குப் பெயர்பெற்ற 300 ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் மக்னத்தால் ஓர் ஆண் மூஸைச் சுட்டார். உடலெங்கும் சேறு அப்பிக் காய்ந்திருந்த அந்த விலங்கின் மேல் பட்ட சன்னங்கள், ஆழமாக ஊடுருவாமல் வெளிப்புறத்திலேயே சிதைந்துபோயின. அந்த ஏமாற்றத்திலிருந்து அவர் வடிவமைத்ததே, முன்பாதி ஈயத்துக்கும் பின்பாதி ஈயத்துக்கும் இடையில் செப்புத் தடுப்பு ஒன்றைக் கொண்ட பார்ட்டிஷன் சன்னம். முன்பாதி விரிந்து அகலமான வழியைத் திறக்கும். தடுப்புக்குப் பின்னாலுள்ள பாதி கட்டுக்குலையாமல் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அச்சன்னம் இன்றும் விற்கப்படுகிறது. அன்று அவர் கையில் இருந்ததும் ஒரு மக்னம்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மென்மையான, மலிவான சன்னத்தைக் கூடுதல் வேகத்தில் அனுப்பினால் அது தோள் எலும்பில் பட்டதும் இன்னும் விரைவாகச் சிதறும். தோல் உரிக்கும்போது இது தெளிவாகத் தெரியும்: தோள்பட்டை இறைச்சி முழுவதும் கருஞ்சிவப்பாகக் கன்றி, செப்புத் துணுக்குகள் அதில் ஊசிகளாகக் குத்தி நிற்க, விலா எலும்புக்கு உட்புறமோ அநேகமாகச் சேதமின்றி இருக்கும். நல்ல சன்னம் பட்ட விலங்கிலோ மறுபக்கத் தோலின் கீழே விரலால் தடவினால் ஒரு சிறு முடிச்சுத் தட்டுப்படும். கத்தி நுனியால் கீறினால், காளான் போல விரிந்த முனையும் உருக்குலையாத அடியுமாகச் சன்னம் உள்ளங்கையில் வந்து விழும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெட்டியின் மேலுள்ள சன்னத்தின் பெயர்தானே தவிர, தோட்டாவின் பெயர் அல்ல. செப்புறையோடு ஈயம் இறுகப் பிணைக்கப்பட்ட சன்னம், பார்ட்டிஷன் வகை, முழுச் செம்பாலான சன்னம் ஆகிய மூன்றில் எதை வாங்கினாலும் 308இலும் 30-06இலும் மூஸுக்குப் போதும். வீட்டில் சிறு பிள்ளைகளோ கருவுற்ற பெண்களோ அந்த இறைச்சியை உண்பார்களானால் முழுச் செம்பு வகையையே நான் வாங்கச் சொல்வேன், ஏனெனில் ஈயச் சன்னத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சிக்குள் பரவக்கூடியவை. செம்பு ஈயத்தைவிட இலேசானது ஆகையால், அவ்வகையில் 180க்குப் பதிலாக 150 அல்லது 165 கிரெய்ன் எடையைத் தெரிவுசெய்வது பொருத்தம்.

பின்னுதைப்பைக் கட்டுரையாளர் 'பழகிவிடும்' என்று ஒரே சொல்லில் கடந்து போய்விட்டார். கனடாவில் துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்கான பாதுகாப்புப் பயிற்சியில் உண்மையான தோட்டாவைச் சுடும் பகுதியே கிடையாது. ஒரு தடவையேனும் சுடாதவர் சட்டப்படி றைபிள் வாங்கி, சட்டப்படியே காட்டுக்குப் போகலாம். நோர்வேயிலோ பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் முப்பது பயிற்சிச் சூடுகளை முடித்து, 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து சூடுகளையும் இட்டுக் காட்டியாக வேண்டும். அத்தகைய கட்டாயம் இல்லாத இடத்தில் புதியவர் ஒருவரின் கையில் மக்னத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சுடுதளத்தில் எவரும் பரிசோதித்துப் பார்க்கலாம். அவருக்குத் தெரியாமல் தோட்டாக்களின் நடுவே வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைச் சேர்த்து வையுங்கள். விசையை இழுக்கும் கணத்தில் கண்கள் இறுக மூடும். தோள் முன்னே தள்ளும். வெடிச்சத்தம் இல்லாமலேயே குழல் சட்டென்று கீழே தாழும். அந்தத் தாழ்வுதான் காட்டில் நுரையீரலுக்குப் போக வேண்டிய சன்னத்தை வயிற்றுக்கோ காலுக்கோ அனுப்புகிறது. 308ஐத் தொடர்ந்து ஒரு பெட்டி சுடக்கூடியவரால் பெரும்பாலும் 300 மக்னத்தில் அரைப் பெட்டியைக்கூட அமைதியாகச் சுட முடிவதில்லை. சுட முடியாததைப் பழகவும் முடியாது. 338இன் உதைப்பு இதனினும் கடுமையானது.

மக்னம் தொலைவுக்குத் தேவை என்பது அடுத்த வாதம். வட ஒன்ராறியோவின் ஹேர்ஸ்ட், கோக்ரேன் பக்கத்துக் காடுகளில் சுற்றியவர்களுக்கு அங்கே பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். நெருக்கமான ஊசியிலை மரங்களின் இடையே பெரும்பாலும் 100 மீற்றருக்குள்தான் சந்தர்ப்பம் கிடைக்கும். மரம் வெட்டப்பட்ட வெளிகளிலும் ஏரிக்கரையிலும் இன்னும் சற்றுத் தொலைவாகலாம். 30-06, 300 மக்னம் ஆகிய இரண்டையும் 200 யார் (ஏறத்தாழ 183 மீற்றர்) தூரத்துக்குக் குறிசரிசெய்து 180 கிரெய்ன் சன்னத்தால் சுட்டால், 300 யாரில்கூட 30-06இன் சன்னம் மக்னத்தினதைவிட ஏறக்குறைய ஒன்றரை அங்குலமே கூடுதலாகத் தாழும். மூஸின் நுரையீரல் பகுதியோ கிட்டத்தட்ட அரை மீற்றர் அகலமுள்ள இலக்கு. அந்த ஒன்றரை அங்குலத்துக்காகப் புதியவர் தன் குறியின் துல்லியத்தை இழக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இங்கே நம்மவர்கள் பலருக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சொல்ல விரும்புகிறேன். ஊரில் பொலிஸாரின் தோளில் நாம் கண்டு வளர்ந்த 303 துப்பாக்கியின் அதே தோட்டாதான், உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட லீ-என்ஃபீல்ட் றைபிள்களின் வழியாகக் கனடாவின் வட புலமெங்கும் மூஸ் வேட்டைத் தோட்டாவாக நிலைபெற்றது. வடக்கைக் காக்கும் கனடிய ரேஞ்சர்கள் அந்த றைபிளை அண்மைக் காலம் வரை வைத்திருந்தார்கள். 2018இலிருந்து அவர்களுக்கு வழங்கப்பட்ட புதிய றைபிள் 308 தோட்டாவுக்கானது. துருவக் கரடிகள் நடமாடும் நிலத்தில் ரோந்து போகிறவர்களுக்கே அது போதுமென்றால், ஒன்ராறியோவில் மூஸுக்கு அது போதாது என்று சொல்வதற்கு நியாயம் இல்லை.

மூஸுக்கான அனுமதிச் சீட்டு ஒன்ராறியோவில் 2021 முதல் புள்ளி முறைப்படி வழங்கப்படுகிறது. வளர்ந்த விலங்குக்கான சீட்டுக்காகப் பலரும் ஆண்டுக்கணக்கில் புள்ளிகளைச் சேர்த்துக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்து, பல மணித்தியாலம் வாகனம் ஓட்டிப்போய், கடைசியில் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் கட்டுரையாளரும் உணர்வார் என்று நம்புகிறேன். வழியில் தோட்டாப் பெட்டி தொலைந்தாலோ நனைந்தாலோ, வடக்கின் சிற்றூர்க் கடைகளில் 308ஐயும் 30-06ஐயும் தேடி அலைய வேண்டியிராது என்பதும் ஒரு வசதி.

ஆகவே, பருவம் தொடங்குமுன் அந்தக் கட்டுரையை மீண்டும் வெளியிடுவதாயின், தோட்டா பற்றிய பகுதியைத் திருத்தி வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். புதியவர் 308 அல்லது 30-06 றைபிள் ஒன்றை வாங்கட்டும். மக்னத்துக்குக் கூடுதலாகச் செலவிட இருந்த பணத்தில் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே சன்னமுள்ள தோட்டாப் பெட்டிகள் சிலவற்றை வாங்கி, கோடை முழுவதும் சுடுதளத்துக்குப் போகட்டும்; மேசையில் சாய்ந்து மட்டும் சுடாமல், முழந்தாளிட்டும், மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பழகட்டும். ஏற்கெனவே மக்னம் வாங்கிவிட்டவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. குறைந்த வேகத்துக்கு நிரப்பப்பட்ட தோட்டாக்களில் தொடங்கி, தோளில் பதியும் பிடங்குக்கு நல்ல இரப்பர் மெத்தை பொருத்தி, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு அணிந்து, மேற்சொன்ன பயிற்சித் தோட்டாச் சோதனையில் குழல் அசையாதிருக்கும் வரை பழகிவிட்டுப் புறப்படலாம்.

இப்படிக்கு,
மார்க்கம் நகர வாசகர் ஒருவர்
ஒன்ராறியோ